விருதுநகரில் இறங்கிப் பாருங்கள்

தென்மாவட்ட நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று ஒரு சின்னக் கட்டம் வரும். கடலை எண்ணெய் 15 கிலோ டின் இன்ன விலை, நல்லெண்ணெய் இன்ன விலை, பாமாயில் இன்ன விலை. உளுந்து, துவரை, பாசிப்பயறு 100 கிலோ மூட்டைக் கணக்கில். அப்புறம் மல்லி, வத்தல், பிண்ணாக்கு. கடைசியில் காபிக் கொட்டை: பிளாண்டேஷன் ஒரு விலை, ரோபஸ்டா ஒரு விலை. மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் தலைப்புச் செய்தியை விட்டாலும் இந்தக் கட்டத்தை விடமாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விருதுநகரில் காபிச் செடி ஒன்றுகூட முளைக்காது. பாமாயில் மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருகிறது. உளுந்து பர்மாவிலிருந்து கப்பலேறி வருகிறது. சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் பருத்தி, வத்தல், மல்லி, கம்பு. பெய்யாவிட்டால் வெறும் சீமைக்கருவேல். கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு 100 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆனாலும் எங்கோ விளைந்ததை வாங்கி, தரம் பிரித்து, விலை வைத்து, எங்கோ இருக்கிறவனுக்கு அனுப்பும் வேலையை, அதாவது ஒரு துறைமுகத்தின் வேலையை, இந்த ஊர் நூறாண்டுக்கு மேலாகச் செய்துவருகிறது.

இப்படிப்பட்ட ஊரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ போகிற வழியில் பைபாஸில் வண்டியை நிறுத்தி, பரோட்டா சாப்பிட்டு, கை கழுவிவிட்டுப் போகிறோம். ஐப்பசி பிறந்தால் பட்டாசு வாங்க சிவகாசிக்கு ஒரு நடை. அவ்வளவுதான். இரண்டு நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய வட்டாரம் இது என்பது இந்தக் கட்டுரையின் வாதம். பார்ப்பதற்கு அரண்மனையோ அருவியோ பெரிதாக இல்லை. எதுவும் கிடைக்காத மண்ணில், எல்லாக் கதவும் சாத்தப்பட்ட மக்கள், தாங்களே காசு போட்டு ஓர் ஊரை எழுப்பிய தடயம் தெருத் தெருவாக இருக்கிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டையும் மகமையும்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெற்கே பனங்காட்டிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வடக்கே வந்த நாடார் வணிகர்களுக்கு வழியெல்லாம் கள்ளர் பயம். இரவு தங்கவும், வண்டி அவிழ்க்கவும், சரக்கு இறக்கவும் மதில் சூழ்ந்த ஓர் இடம் தேவைப்பட்டது. அதுதான் பேட்டை. விருதுப்பட்டி (இன்றைய விருதுநகர்), சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்களில் இப்படி வேரூன்றினார்கள். பேட்டையைக் கட்டிக் காக்கச் செலவு ஆகுமே? விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுவில் போட்டார். அந்தக் காசுக்குப் பெயர் மகமை. அதை வைத்து ஆள்கிற ஊர்ச்சபைக்குப் பெயர் உறவின்முறை.

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்டுகிரேவ் 1969-ல் நாடார்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்த மகமைக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். கொடுக்கத்தான் வேண்டும். பேட்டைக்காகத் தொடங்கிய காசு கிணறு வெட்டியது, கோயில் கட்டியது, பிறகு பள்ளிக்கூடம் கட்டியது. பெரிய கோயில்களுக்குள் நுழைய இவர்களுக்கு அனுமதி இல்லாத காலம் அது. சிவகாசியில் காசி விஸ்வநாதர் கோயில் நுழைவை ஒட்டி எழுந்த பகை 1899 ஜூன் 6-ல் பெருங்கலவரமாக வெடித்தது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நாடார்களுக்கு எதிராகவே முடிந்தது. சட்டம் கைவிட்ட இடத்தில் மகமை கைகொடுத்தது.

1876-வாக்கில் மதுரை - தூத்துக்குடி ரயில் பாதை இந்த வழியாகப் போட்டபோது ஊரின் தலையெழுத்து மாறியது. கரிசல் பருத்தி இங்கிருந்து ரயிலேறி, தூத்துக்குடியில் தோணியேறி, ஆழ்கடலில் நின்ற கப்பலுக்குப் போய், ‘டின்னவெல்லி’ பருத்தி என்ற பெயரில் இங்கிலாந்து ஆலைகளுக்குப் போனது. போன பருத்திக்குப் பதிலாகப் பணம் வந்தது. பணத்தோடு பழக்கமும் வந்தது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். இரண்டு வருடம் கழித்து, 1923-ல், விருதுப்பட்டி விருதுநகர் ஆனது.

காலையில் பஜார்

மதுரையிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். விருதுநகர் ஜங்ஷனிலிருந்து மதுரை, திருநெல்வேலி, தென்காசி, மானாமதுரை என நாலு திசைக்கும் தண்டவாளம் பிரிகிறது. ஊரை நடந்தே பார்க்க வேண்டும்; காலை 9 மணிக்குள் பஜாரில் இருப்பது நல்லது.

மெயின் பஜாரில் நுழைந்தால் முதலில் மூக்குதான் வேலை செய்யும். வத்தல் மண்டியின் நெடி தும்மலை வரவழைக்கும். நாலு கடை தள்ளி மல்லி வாசம். அதற்கப்புறம் செக்கு எண்ணெயும் சாக்கும் கலந்த ஒரு மணம். ‘அண்ணாச்சி, இன்னைக்கு என்ன ரேட்டு?’ என்பதுதான் இங்கே காலை வணக்கம். கமிஷன் மண்டியில் மூட்டைக்குள் குத்தூசி இறங்குவதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் காடி வெட்டிய இரும்பு ஊசி. சாக்கில் குத்தி இழுத்தால் அந்தக் காடியில் ஒரு பிடி உளுந்து வந்து நிற்கும். உள்ளங்கையில் கொட்டி, ஊதி, இரண்டைக் கடித்துப் பார்த்து, கல்லும் சொத்தையும் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். மூட்டை பிரிக்க வேண்டியதே இல்லை. பிறகு குத்திய ஓட்டையைச் சுரண்டி மூடிவிடுவார்கள். போட்டோ எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். வியாபார நேரத்தில் நடு வழியில் நின்றால் மூட்டை தூக்குகிறவர் ‘ஓரமாப் போங்க’ என்பார், நியாயம்தானே?

பஜாருக்கு நடுவில் தெப்பக்குளம். தெருவில் ஓடும் மழைநீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து இதில் விடும் ஏற்பாட்டை அந்தக் காலத்திலேயே செய்திருக்கிறார்கள். மழைநீர் சேகரிப்பு என்று நாம் மேடை போட்டுப் பேசுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னால். பக்கத்தில் பராசக்தி மாரியம்மன் கோயில். பங்குனிப் பொங்கலின்போது இந்த ஊருக்கு வந்தால் தங்க இடம் கிடைக்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள்கூடத் தீபாவளிக்கு வராவிட்டாலும் பங்குனிக்கு வந்துவிடுவார்கள். மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக, கையில் அக்னிச்சட்டி ஏந்தி விடிய விடிய ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். திருவிழாவோடு பொருட்காட்சியும் நடக்கும். வேறு எந்த ஊரிலும் சாமி கும்பிடுவதும் வியாபாரமும் இவ்வளவு இயல்பாகக் கைகோத்துப் போவதை நான் பார்த்ததில்லை.

கோயிலுக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது பள்ளிக்கூடம். சத்திரிய வித்யாசாலா, 1880-களில் உறவின்முறை தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்துவைத்து, அதை வசூலித்து, விற்ற பணத்தில் இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது பெண்களின் வேலை. கல்வி வரி என்று சட்டம் போடாமல் அடுப்பங்கரையிலேயே வசூலான வரி அது. அந்தப் பிடியரிசியில் படித்த ஒரு பையன் ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மாமாவின் துணிக்கடைக்கு வேலைக்குப் போனான்.

சுலோச்சன நாடார் தெரு

அந்தப் பையனின் வீடு இன்று அரசு நினைவு இல்லம். பஜாரிலிருந்து சந்து சந்தாகத் திரும்பினால் வரும். கார் நிறுத்த இடமில்லை. அது ஒரு குறையும் இல்லை. 1903 ஜூலை 15-ல் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். அந்த ஒன்பது வருடமும் அம்மா சிவகாமி இந்தச் சின்ன வீட்டில்தான் இருந்தார். முதலமைச்சர் வீடு என்று நகராட்சி தனியாகக் குழாய் போட்டுக் கொடுத்ததைக் காமராஜர் கழற்றச் சொன்ன கதை ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளே புகைப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. நேருவோடு, சாஸ்திரியோடு, இந்திராவோடு. படங்களைவிட வீட்டின் அளவைப் பாருங்கள். இந்த அறையிலிருந்து போனவர்தான் இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

இதே ஊர்தான் 1967-ல் அவரைத் தோற்கடித்தது. எதிர்த்து நின்றவர் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வித்தியாசம் 1,285 வாக்கு. நினைவு இல்லத்துக்கு வருகிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. விருதுநகர்க்காரர்கள் பாசத்துக்காகத் தராசை ஒரு பக்கம் சாய்க்கிற ஆட்கள் இல்லை.

அங்கிருந்து தேசபந்து மைதானம் நடக்கிற தூரம். தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பெயரில் உள்ள இந்தத் திடலில் எத்தனை கூட்டங்கள் நடந்திருந்தாலும், ஒரு கிழவர் படுத்திருந்ததுதான் முக்கியம். சங்கரலிங்கனார். விருதுநகர் பக்கத்து மண்மலைமேடு பிறந்த ஊர். மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்பட 12 கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27-ல் உண்ணாவிரதம் தொடங்கினார். 75 நாளைத் தாண்டியது. அக்டோபர் 13-ல் மதுரை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அப்போது முதலமைச்சர் யார்? அதே ஊர்க்காரர் காமராஜர். ஒரே ஊர், ஒரே கட்சி மரபு, ஒருவர் ஆட்சியில், ஒருவர் பட்டினியில். பெயர் மாறியது 1969 ஜனவரி 14-ல், வேறொரு கட்சியின் ஆட்சியில். ஊரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. வருகிற கூட்டம் குறைவு. காமராஜர் வீட்டையும் இந்தத் திடலையும் ஒரே காலையில் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஊரின் அரசியல் புரியும். ஒன்றை மட்டும் பார்ப்பது பாதிக் கதை.

சரி, சாயங்காலம் பரோட்டா. இதைச் சொல்லாவிட்டால் ஊர்க்காரர்கள் மன்னிக்கமாட்டார்கள். விருதுநகர் பரோட்டா வெறுமனே கல்லில் வாட்டுவது இல்லை, எண்ணெயில் பொரிப்பது. நடுவில் குழிந்த அகலமான கல். குழியில் எண்ணெய் தேங்கி நிற்கும். ஓரத்து மேட்டில் வாட்டியதைத் தள்ளிவிட்டால் குழியில் மிதந்து பொன்னிறமாகும். எடுத்து அடுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் ஓர் அடி. மொறுமொறுவென்று நொறுங்கும். அதை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஊறும் வரை பொறுமையாக இருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது. பெயர்பெற்ற கடைகளில் ஒன்றுக்குப் பெயரே பர்மா கடை. டாக்டர் என்ன சொல்வார் என்பதை மறுநாள் யோசித்துக்கொள்ளலாம்.

குட்டி ஜப்பான்

மறுநாள் சிவகாசி. 25 கிலோமீட்டர் சொச்சம். வழியில் திருத்தங்கலில் நின்ற நாராயணப் பெருமாள் சிறு குன்றின்மேல் நிற்கிறார். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலையிலேயே ஏறி இறங்கிவிடுங்கள்.

சிவகாசியின் கதை 1922-23-ல் தொடங்குகிறது. அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த ஊர், காற்றில் ஈரம் இல்லை. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் தீக்குச்சி காயவைக்க வரமானது. தீப்பெட்டிக்குப் படம் ஒட்ட வேண்டும், அதனால் அச்சகம் வந்தது. மருந்து கலக்கத் தெரிந்ததால் பட்டாசு வந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு வெடி வருவது நின்றதும் சிவகாசி வெடி நாடெங்கும் போனது. நேரு ‘குட்டி ஜப்பான்’ என்று சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

பட்டாசு ஆலைக்குள் போய்ப் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. யாராவது தெரிந்தவர் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள். மருந்து அறையில் உராய்வே எமன். அதனால்தான் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு கிலோ மருந்து என்று சட்டம் இருக்கிறது. அது மீறப்படும் இடத்தில்தான் ஒவ்வொரு வருடமும் சாவு விழுகிறது. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் சுமார் 40 பேர் செத்தார்கள்; வேடிக்கை பார்க்கவும் உதவவும் ஓடியவர்களும் அதில் உண்டு. சுற்றுலாப் பயணி பார்க்க வேண்டிய காட்சி அந்த மதில்களுக்கு வெளியே இருக்கிறது: ஊருக்கு ஒதுக்குப்புறம் பொட்டல் காட்டில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் சின்னச் சின்னக் கட்டடங்கள், இடையே வேப்பமரங்கள். அந்த இடைவெளிதான் உயிர். ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும்.

பட்டாசு வாங்குவது வேறு விஷயம். சாத்தூர் ரோட்டிலும் விருதுநகர் ரோட்டிலும் வருடம் முழுக்கக் கடை உண்டு. அட்டைப் பெட்டியின் விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது யாரும் கொடுக்காத விலை. தள்ளுபடி எத்தனை சதவீதம் என்பதிலிருந்துதான் பேச்சே ஆரம்பிக்கும். சரவெடி எங்கே என்று தேடாதீர்கள். பேரியம் கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை போட்டது. பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், தீபாவளிக்கு மட்டும் இந்த ஊரை நினைக்கும் டெல்லி, தீபாவளிக்கு மட்டும் இந்த ஊரைத் திட்டுவதையும் இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புகையைப் பற்றி டெல்லிக்காரர் கவலை பொய்யில்லை. இங்கே திரி வெட்டிக் குழாய் உருட்டும் பெண்ணின் கூலியும் பொய்யில்லை.

என்னைக் கேட்டால் சிவகாசியில் பார்க்க வேண்டியது அச்சுத் தெருக்கள். நம் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருந்த முருகனும் லட்சுமியும் பெரும்பாலும் இங்கே பிறந்தவர்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) தன் சீடர்களோடு வரைந்தார், சிவகாசி அச்சடித்தது, இலங்கை, மலேசியா வரை பூஜையறைகளில் போய் உட்கார்ந்தது. சாமி இப்படித்தான் இருக்கும் என்று தமிழனுக்குக் காட்டியதில் கோயில் சிற்பிக்கு அடுத்த இடம் காலண்டர் ஓவியனுக்குத்தான். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது இங்கே வழக்கம். அந்தச் சமயம் போனால் தை பிறக்கும் முன்பே அடுத்த வருடம் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் அரை மணி நேரம். 11 நிலை, 192 அடி ராஜகோபுரமும் ஆண்டாளும் எல்லோருக்கும் தெரிந்ததே. தெரியாதவர்களுக்கு ஒன்று: ஆண்டாள் இடது தோளில் இருக்கும் கிளி தினமும் புதிது. மரவள்ளி இலை, மாதுளம்பூ, நந்தியாவட்டை கொண்டு கையால் செய்வது. பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமார் 10 லிட்டர் பாலும் ஒன்றேகால் கிலோ சர்க்கரையும் சுண்டினால் மூன்றேகால் கிலோ தேறும். விலை மலிவாகக் கிடைத்தால் இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள். பாலுக்குப் பதில் வேறென்னவோ சேர்ந்திருக்கிறது என்று புரிந்துவிடும்.

திரும்பும் வழியில் சாத்தூர் காராச்சேவு ஒரு பொட்டலம், இருக்கன்குடி மாரியம்மன். நேரம் இருந்தால் திருச்சுழியில் 1879-ல் ரமணர் பிறந்த வீடு. இவற்றைவிட வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையை நான் சிபாரிசு செய்வேன். 2022 முதல் தொல்லியல் துறை அங்கே நடத்திய அகழாய்வில் சுடுமண் பொம்மைகளோடும் மணிகளோடும் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு ஆற்றில் விளையாது. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது. கடலிலிருந்து கச்சாப் பொருளை வாங்கி, உள்நாட்டில் அறுத்து, வளையலாக்கி விற்கும் தொழில் இந்த வட்டாரத்தில் ரயிலுக்கும் பேட்டைக்கும் வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறது.

ஓர் ஊரின் கதையை எப்படிக் காட்டலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: அயர்லாந்தில் கோவ் என்றொரு துறைமுக ஊர். சின்ன ஊர்தான். 1912 ஏப்ரல் 11-ல் டைட்டானிக் கடைசியாக நின்று ஆளேற்றிய இடம். பஞ்சத்தில் ஊரைவிட்டு அமெரிக்கா போன லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்கள் கப்பலேறிய இடம். கப்பல் கம்பெனியின் பழைய டிக்கெட் ஆபீஸை அருங்காட்சியகமாக்கினார்கள். பழைய ரயில் நிலையத்தில் புலம்பெயர்ந்தோர் கதையைக் காட்சியாக வைத்தார்கள். இன்று உலகமே போய்ப் பார்க்கிறது. அவர்கள் காட்டுவது, ஊரைவிட்டுப் போனவர்களின் கதை. விருதுநகரில் இருப்பது, போக இடமில்லாமல் நின்று ஊரைக் கட்டியவர்களின் கதை. சொல்வதற்கு எந்த விதத்தில் குறைந்தது?

ஆனால் மகமை என்றால் என்ன என்று விளக்கும் ஒரு பலகைகூடப் பஜாரில் என் கண்ணில் படவில்லை. குத்தூசி, பழைய படி, மரக்கால், கணக்குப் பேரேடு, தீப்பெட்டி லேபிள், கொண்டையராஜு காலண்டர் எல்லாம் வீடுகளிலும் கிட்டங்கிகளிலும் கரையான் அரிக்கக் கிடக்கின்றன. பழைய கிட்டங்கி ஒன்றை எடுத்து இவற்றை வைக்க மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. அரசு செய்யாவிட்டாலும், பள்ளிக்கூடத்தையே பிடியரிசியில் நடத்திய ஊர் வியாபாரிகளால் முடியும். மகமைப் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள், அண்ணாச்சிமார்களே. வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். கார்த்திகை முதல் தை வரை வெயில் தணிந்திருக்கும். கூட்டத்தோடு பார்க்க ஆசைப்பட்டால் பங்குனிப் பொங்கலுக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், மண்டி திறந்திருக்கும் நாளில் வந்தால்தான் விருதுநகரைப் பார்த்ததாக அர்த்தம்.